கூத்துமாடத்தைத் தாங்குவோர்

பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து மேற்கே செல்லும் புகைவண்டி, பாரதப்புழை ஆற்றையொட்டி ஒற்றப்பாலம் வழியே ஷொரனூர்ச் சந்திப்பை அடைகிறது. அவ்வழியின் இருமருங்கிலும் உள்ள சிற்றூர்களில் பகவதி கோயில்கள் பல உண்டு. அவற்றுள் சில கோயில்களின் முன்னே, கருவறையை நோக்கியவாறு, நீண்டு குறுகிய ஓட்டுக் கட்டடம் ஒன்று தனித்து நிற்கும். ஆண்டின் பெரும்பகுதி அது வெறுமையாகவே இருக்கும். அதற்குக் கூத்துமாடம் என்று பெயர். அறுவடை முடிந்து தை பிறந்தபின், வேனிற்காலம் முடியும்வரை, ஊருக்கு ஊர் முறை வைத்து அக்கூத்துமாடங்களில் விளக்கேற்றப்படும். அப்பொழுது அங்கே இரவு முழுதும் ஒலிப்பது கம்பன் கவி. பாடுவோர் மலையாளம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஆயினும் அவர்கள் பாடுவது தமிழ்.

இக்கலைக்குத் தோல்பாவைக்கூத்து என்று பெயர். கூத்துமாடத்தின் முகப்பில் ஏறத்தாழ 42 அடி நீளத்துக்கு வெண்திரை கட்டுவர். திரையின் கீழ்ப்பகுதி கருந்துணியால் அமையும். திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்குகளை வரிசையாக ஏற்றுவர். விளக்குக்கும் திரைக்கும் நடுவே, தோலில் வெட்டி, துளையிட்டு, சாயம் தீட்டிய பாவைகளை நிறுத்தியும் ஆட்டியும் கதை நடத்துவர். முற்காலத்தில் மான்தோலில் பாவை செய்தனர். இன்று ஆட்டுத்தோலே பயன்படுகிறது. எழுபறை, இலத்தாளம், சங்கு முதலிய கருவிகள் துணை நிற்கும். இராமன் பிறப்பிலிருந்தோ, பஞ்சவடிப் பகுதியிலிருந்தோ தொடங்கி முடிசூட்டு விழா வரையில் 7, 14, 21 இரவுகள் என்று கோயிலின் வழக்கத்திற்கேற்பக் கூத்து நீளும். ஒரு பாடலைப் பாடியபின் அதற்கு விரிவாக உரை கூறுவர். அவ்வுரை தமிழும் மலையாளமும் வடமொழியும் கலந்த தனி நடை உடையது. பாடல்களையும் உரையையும் நெஞ்சில் நிறுத்தியவர்க்கே புலவர் என்ற பட்டம் உரியது.

இக்கூத்துக்கு ஒரு காரணக்கதை சொல்லப்படுகிறது. இராவணனுடன் இராமன் போர் செய்த காலத்தில் பத்திரகாளி தாரிகாசுரனோடு போரிட்டுக் கொண்டிருந்தாளாம். ஆகையால் இராவண வதத்தைக் காணும் பேறு அவளுக்குக் கிட்டவில்லை. அக்குறை தீரும்பொருட்டு ஆண்டுதோறும் அவள் சந்நிதியில் அக்கதையை ஆடிக் காட்டுகிறார்கள் என்பது நம்பிக்கை. எனவே இக்கூத்தின் முதல் இரசிகை பகவதியே. நள்ளிரவுக்குப் பின் முற்றத்தில் ஒருவர்கூட இல்லாமற்போனாலும் புலவர்கள் கூத்தை நிறுத்துவதில்லை. இக்கூத்தைப் பற்றி 1996ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்னும் ஆராய்ச்சியாளர், மனிதர் எவரும் காணாத கூத்து இரவுகளைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார்.

மனிதர் காணாவிட்டாலும் கூத்து நடைபெறும் என்பது உண்மை. ஆயினும் மனிதர் தாங்காவிட்டால் அது நடைபெறாது என்பதும் உண்மையே. சிறிய நாடகக் குழு எதுவாயினும், அது மேடையேறும் ஓர் இரவுக்குப் பின்னால் பல மாத வாழ்க்கை உண்டு. தோலைப் பதப்படுத்திப் பாவை வெட்ட வேண்டும். பழுதானவற்றைப் புதுக்க வேண்டும். இளையோர்க்குப் பாடம் சொல்ல வேண்டும். ஊர் ஊராகச் செல்ல வேண்டும். கூத்தில்லாத மாதங்களில் குடும்பம் உண்ண வேண்டும். இச்செலவுகளைக் கூத்து நடக்கும் இரவின் வருமானம் மட்டுமே ஈடுகட்டுவது அரிது. நிலைத்து நின்ற குழுக்கள் பலவற்றுக்கு, குழுவுக்கும் சமுதாயத்துக்கும் இடையே நின்று பாரத்தைச் சுமக்கும் அமைப்பு ஒன்று இருந்து வந்திருக்கிறது. அவ்வமைப்பைப் பற்றியே இங்கு நாம் ஆராயப் புகுகின்றோம். நாடகத்தைப் போற்றுவோர் நடிகரைப் போற்றுவர். நடிகரைத் தாங்கும் அமைப்பைப் பெரும்பாலும் மறந்துவிடுவர்.

தோல்பாவைக்கூத்துக்கு அத்தகைய அமைப்பாகப் பழங்காலத்தில் விளங்கியவை மூன்று. ஒன்று கோயில்: கூத்துமாடம் என்ற நிலையான அரங்கை அது தந்தது. இன்னொன்று நிலக்கிழார் குடும்பம்: ஷொரனூரை அடுத்த கவளப்பாறை மூப்பில் நாயர் போன்ற தலைவர்கள் புலவர் குடும்பங்களைப் புரந்தனர். கவளப்பாறை ஆரியங்காவுப் பகவதி கோயிலில் நடைபெறும் 21 இரவுக் கூத்து அந்தப் புரவலின் வழி வந்ததே. மூன்றாவது ஊர் மக்கள்: தத்தம் குடும்ப நலங் கருதி அவர்கள் சிறு தொகையைக் காணிக்கையாக அளிப்பர், புலவர்கள் கூத்தினிடையே அவர்களுக்காகப் பகவதியின் அருளை வேண்டிப் பாடுவர். ஒரு பெருஞ்செல்வரின் கொடையும் பல எளியவரின் சிறுகாணிக்கையும் சேர்ந்தே கூத்தின் வருவாய் ஆயிற்று என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

இம்மூன்றினுள் இரண்டாவது தூண் இருபதாம் நூற்றாண்டில் தளர்ந்தது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அதுவரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்திலிருந்த பாலக்காடு கேரளத்தின் பகுதியாயிற்று. பின்னர் 1970ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தது. உழுதவனுக்கு நிலம் கிடைத்தது; அது நீதி. ஆயினும் நிலக்கிழார் வீட்டுக் குத்தகை நெல்லை நம்பியிருந்த கோயிற்கலைகளுக்கு அந்நெல் நின்றுபோயிற்று. பழைய புரவலர் இடத்தில் புதிய புரவலர் எவர் என்ற கேள்வி அன்று எழுந்தது. அக்கேள்விக்கு முழுமையான விடை இன்னும் கிடைக்கவில்லை.

அக்கேள்விக்கு வழிகாட்டக்கூடிய ஓர் அமைப்பு ஷொரனூருக்கு அக்கரையிலேயே இருக்கிறது. 1930ஆம் ஆண்டில் கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்தராஜாவும் தொடங்கிய கேரள கலாமண்டலத்தையே குறிப்பிடுகின்றோம். கதகளி ஆசான்கள் ஆதரவின்றித் தவித்த காலம் அது. அக்காலத்தில் பெருந்தனவந்தர் ஒருவரை மட்டும் நம்பியிராமல், பரிசுச் சீட்டு நடத்தி மக்களிடமே பணம் திரட்டினார் வள்ளத்தோள். ஆசானுக்குச் சம்பளம், மாணாக்கனுக்கு உணவும் உறையுளும், ஒத்திகைக்குக் களரி என்ற மூன்றையும் ஒரே கூரையின் கீழ் அவர் அமைத்தார். இன்று கதகளி உலகறிந்த கலையாக இருப்பதற்கு நடிகர்களின் திறமை காரணம்; அத்திறமை ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குச் சென்றதற்குக் கலாமண்டலம் காரணம்.

கதகளிக்குக் கிடைத்த அளவு பெரிய நிறுவனம் பாவைக்கூத்துக்குக் கிடைக்கவில்லை. ஷொரனூருக்கும் ஒற்றப்பாலத்துக்கும் இடையேயுள்ள கூனத்தறை என்ற ஊரில் வாழ்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர், கூத்துமாடத்தின் எல்லைக்குள் மட்டும் நின்றால் கலை அருகிவிடும் என்று உணர்ந்தார். 21 இரவுக் கதையைச் சுருக்கி, வெளி அரங்குகளிலும் காட்டத்தக்க வடிவம் ஒன்றை உண்டாக்கினார். வாய்மொழியாக இருந்தவற்றை எழுத்தில் பதித்தார். 2000ஆம் ஆண்டில் அவர் மறைந்த பிறகு அவர் பெயராலேயே ஒரு தோல்பாவைக்கூத்துக் கலாகேந்திரம் அங்கு நடந்து வருகிறது. அவர் மகனார் இராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது வழங்கப்பெற்றது. கூத்துமாடத்தில் பெண்கள் பாவையாட்டும் வழக்கம் முன்பு இல்லை. அண்மை ஆண்டுகளில் அக்குடும்பத்திலிருந்தே பெண்கள் மட்டும் நடத்தும் குழு ஒன்றும் தோன்றியுள்ளது. ஒரு குடும்பமே குழுவாகவும், பள்ளியாகவும், அலுவலகமாகவும் இயங்க வேண்டியிருப்பது அவர்கள் பெருமைக்குரிய செய்தி. எல்லாச் சுமையும் ஒரே வீட்டின்மேல் விழுகிறது என்ற எச்சரிக்கையும் அதில் அடங்கியிருக்கிறது.

வெளியிலிருந்து வந்த ஓர் அமைப்பு, மறையவிருந்த குழுவை மீட்ட வரலாறும் இப்பகுதியில் உண்டு. பாலக்காட்டு மாவட்டத்துப் பருத்திப்புள்ளி என்னும் ஊரில் பாவைக்கதகளி என்ற கைப்பாவை ஆட்டம் வழங்கி வந்தது. கதகளி வேடம் பூண்ட சிறு பாவைகளைக் கைவிரல்களால் ஆட்டுவது அது. ஆண்டிப்பண்டாரம் என்னும் சமூகத்தினர் வீடுதோறும் சென்று இதனை நடத்தினர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது ஏறக்குறைய அற்றுப்போயிற்று. இரிஞ்ஞாலக்குடையில் 1975ஆம் ஆண்டில் ஜி. வேணு தொடங்கிய நடனகைரளி என்ற அமைப்பு, கமலாதேவி சட்டோபாத்தியாயரின் ஊக்கத்தோடு 1980களின் தொடக்கத்தில் அதனை மீட்டது. பழம் பாவைகளைப் பார்த்துப் புதியன செய்வித்தனர். இளையோர்க்குப் பயிற்சி அளித்தனர். கதகளிப் பாட்டும் முழவும் அறிந்தவர்களை இணைத்தனர். அதன் பயனாக அக்குழு வெளிநாடுகளுக்கும் சென்றது. இந்த மீட்பில் பணத்தைப் போலவே தேடலும் பொறுமையும் பயிற்சி ஒழுங்கும் வேண்டியிருந்தன.

அரசின் பங்கையும் நாம் குறைத்துக் கூறலாகாது. 1953ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் தொடங்கிவைத்த சங்கீத நாடக அகாதமி, இசை, நடனம், நாடகம் ஆகியவற்றைப் போற்றும் தேசிய நிறுவனமாகும். சென்னை மாநிலத்தில் 1955ஆம் ஆண்டில் தோன்றிய சங்கீத நாடகச் சங்கம் இன்று தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றமாக விளங்குகிறது. கேரள சங்கீத நாடக அகாதமியை 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள் திருச்சூரில் பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். தஞ்சையில் 1986ஆம் ஆண்டு முதல் தென்னகப் பண்பாட்டு மையம் இயங்கி வருகிறது. தமிழ்நாடும் கேரளமும் அதன் எல்லைக்குள் அடங்குவன. நாட்டார் கலைகளுக்கென்று கேரளத்தில் 1995ஆம் ஆண்டில் தனி அகாதமி ஒன்று நிறுவப்பட்டது. குருவுக்கும் மாணாக்கர்க்கும் மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கும் குரு–சிஷ்யப் பரம்பரைத் திட்டம் ஒன்றை நடுவணரசின் பண்பாட்டு அமைச்சகம் நடத்துகிறது. இவ்வளவு வாயில்கள் திறந்திருக்கும்போது குறை எங்கே என்று நேயர்கள் வினவலாம்.

குறை, வாயிலுக்கும் வீட்டுக்கும் இடையேயுள்ள தொலைவில் இருக்கிறது. அரசு உதவி பெற விரும்பும் குழு பதிவு பெற்ற சங்கமாக இருத்தல் வேண்டும். ஆண்டுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டிருத்தல் வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட வேண்டும். இன்று அதனைக் கணினி வழியே அனுப்பவும் வேண்டும். ஆயிரக்கணக்கான பாடல்களை நெஞ்சில் வைத்திருக்கும் புலவர் ஒருவர் இப்படிவங்களின் முன்னே செய்வதறியாது நிற்பது இயல்பு. மேலும் உதவித்தொகை உரிய மாதத்தில் வராவிட்டால், அதுவரை கடன் வாங்கியே காலம் தள்ள வேண்டும். பெரிய நிறுவனம் காத்திருக்கும். ஐந்து பேர் கொண்ட குழு காத்திருக்க இயலாது. இந்த இடைவெளியை நிரப்புவதே நாம் கூறும் துணை அமைப்புகளின் தலையாய வேலை. கணக்கு எழுதுதல், விண்ணப்பம் அனுப்புதல், முன்பணம் தந்து உதவுதல், கூத்துக்கு இடமும் நாளும் ஏற்பாடு செய்தல், நடந்தவற்றைப் பதிவு செய்து காத்தல் ஆகியவை மேடையில் தெரியாத பணிகள். அப்பணிகள் நின்றால் சில ஆண்டுகளில் மேடையும் இருண்டுவிடும்.

இதன் உண்மை 2020ஆம் ஆண்டில் வெளிப்படையாயிற்று. அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. பங்குனியும் சித்திரையும் கோயில் விழாக்களின் காலம்; கூத்துக்காரருக்கு அதுவே அறுவடைக் காலம். ஒரு பருவம் தவறினால் அடுத்த தை வரையில் வருவாய்க்கு வழியில்லை. சேமநிதி என்ற ஒன்று முன்பே திரட்டப்பட்டிருந்தால் அத்தகைய ஆண்டைத் தாண்டலாம். இல்லையேல், இளையவர் வேறு தொழில் தேடிச் செல்வர். சென்றவர் எல்லோரும் மீள்வதில்லை.

நாடகத்தை ஊர் தாங்குவதற்கு வேறொரு முறையும் மலையாள நாட்டில் வளர்ந்திருக்கிறது. அதுவே நூலக இயக்கம். 1945ஆம் ஆண்டில் பி. என். பணிக்கர் முன்னின்று 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் ஒன்றை அமைத்தார். அச்சங்கமே பின்னர் கேரளம் முழுவதும் பரவியது. சிற்றூர் வாசகசாலை நூல்களைக் காத்ததோடு நில்லாமல், ஆண்டு விழாவில் நாடகம் போடும் இடமாகவும், இளைஞர்கள் ஒத்திகை பார்க்கும் கூடமாகவும் அமைந்தது. 1950ஆம் ஆண்டில் தோன்றிய கேரள மக்கள் கலைக் கழகம் போன்ற நாடகக் குழுக்கள் ஊர்தோறும் சென்று ஆடியபோது, நாடகம் பார்த்துப் பழகிய மக்கள் அங்கே இருந்தார்கள். நாடகத்தை விரும்பும் ஊரைத் தயார் செய்வதும் ஒருவகைத் துணையே.

தமிழகத்திலும் இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 1891ஆம் ஆண்டில் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் நிறுவிய சுகுண விலாச சபை, உறுப்பினர் சந்தாவை அடிப்படையாகக் கொண்டது. ஒரு நாடகம் தோற்றாலும் சபை தோற்பதில்லை. ஏனெனில் சந்தா தொடர்ந்து வரும். இதற்கு மாறாக, சங்கரதாஸ் சுவாமிகளின் காலத்துப் பாலர் நாடகக் குழுக்கள் அன்றாட நுழைவுச் சீட்டு வருவாயையே நம்பியிருந்தன. மழை பெய்தாலும், ஊரில் நோய் பரவினாலும், பின்னர்ப் பேசும்படம் வந்தபோதும், அவை நிலைகுலைந்தன. திறமையில் அக்குழுக்கள் எவருக்கும் குறைந்தவை அல்ல. அவற்றைத் தாங்கும் அமைப்பு அவற்றுக்கு வெளியே இல்லாமற்போயிற்று.

இக்காலத்து எடுத்துக்காட்டு ஒன்றும் கூறுவோம். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெ. இராசகோபால், ஹன்னே தெ புரூயின் ஆகியோரும் கூத்துக் கலைஞர்களும் சேர்ந்து 1990ஆம் ஆண்டில் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். தனித்தனியே போட்டியிட்டு வந்த கலைஞர்கள் ஒரு சங்கத்தின் கீழ் ஒன்றுகூடித் தம் நலம் பேணினர். 2002ஆம் ஆண்டில் அச்சங்கம் குருகுலம் ஒன்றைத் தொடங்கிற்று. கிராமத்துச் சிறுவர்களும் சிறுமிகளும் அங்கே பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றனர். பெண்பிள்ளைகள் கட்டைக்கூத்தில் வேடங்கட்டியது அதன் பெருஞ்சாதனை. 2020ஆம் ஆண்டில் அக்குருகுலம் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் நற்பணி ஆற்றிய பள்ளியும் மூடப்படக்கூடும் என்பது நமக்குப் பாடம். நல்ல அமைப்பு ஒன்று தோன்றிவிட்டது என்று நாம் அமைதியடைந்துவிடக் கூடாது. அது ஆண்டுதோறும் தாங்கப்பட வேண்டும்.

இனி எல்லைப்புறத்தின் மறு பகுதியாகிய இடுக்கி மலைநாட்டைக் காண்போம். தேவிகுளம், பீருமேடு முதலிய வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களில் உழைக்க மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து தமிழ் மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே மலையேறினர். 1956ஆம் ஆண்டில் அவ்வட்டங்கள் கேரளத்திலேயே நிலைத்தன. 1972ஆம் ஆண்டில் இடுக்கி தனி மாவட்டமாயிற்று. பாலக்காட்டுச் சமவெளியில் கோயிலும் கூத்துமாடமும் நூற்றாண்டுகளாக வேரூன்றியவை. தோட்டத்து மக்களோ வேரைத் தம்முடன் சுமந்து சென்றவர்கள். லயங்களில் குடியிருப்போர்க்கு வீடும் தோட்டத்தினுடையது, நிலமும் தோட்டத்தினுடையது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கும் அவர்தம் பிள்ளைகட்கும் பொழுதுபோக்கு வசதி செய்து தருவதையும் ஒரு கடமையாக எண்ணியது. கூடம் ஒன்று கட்டித் தருவது எளிது. பகல் முழுதும் கொழுந்து பறித்தவர் மாலையில் ஒத்திகைக்கு வருவதற்கு, கற்பிப்பவர் ஒருவரும், ஒளியும், வழித்துணையும், இரவு வீடு திரும்ப வண்டியும் வேண்டும். மலைநாட்டில் நாடகம் தழைக்க வேண்டுமானால் துணை அமைப்பின் தொடக்கம் இத்தகைய சிறு வசதிகளிலேயே அமையும்.

இரு மாநிலங்கள் ஒன்றுகூடிச் செயலாற்ற இயலாது என்று கருதுவோர்க்கு அதே மலையில் ஒரு மறுமொழி உண்டு. குமுளிக்கு மேலே, பெரியாற்றுப் புலிகள் காப்பகத்துக்குள், மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் மக்கள் அங்குச் சென்று வழிபடுகின்றனர். அந்த ஒரு நாளுக்காகத் தேனி, இடுக்கி ஆகிய இரு மாவட்ட நிருவாகங்களும் முன்கூட்டியே கலந்து பேசி, வாகனம், குடிநீர், காவல், மருத்துவம் ஆகிய அனைத்துக்கும் வழி செய்கின்றன. கண்ணகிக்காக ஒரு நாள் இணைவோர், கம்பனுக்காகவும் கூத்துக்காகவும் இன்னும் சில நாள் இணைவது இயலாத செயல் அன்று.

இவ்வளவும் கூறியபின், பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களாகிய நாம் செய்யத்தக்கது யாது என்ற கேள்வி எழுகிறது. தில்லித் தமிழ்ச் சங்கம் 1946ஆம் ஆண்டிலும், பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950ஆம் ஆண்டிலும் தோன்றின. மும்பையில் சண்முகானந்த சபை 1952ஆம் ஆண்டில் அமைந்து, 1963ஆம் ஆண்டில் தனக்கென்று பெரும் அரங்கும் கண்டது. பாலக்காட்டுக் கிராமங்களிலிருந்து வேலை தேடிச் சென்ற குடும்பங்கள் இத்தகைய சபைகளில் பெரும்பங்கு கொண்டன. சந்தா தண்டுவதும், கணக்கு வைப்பதும், அரங்கு அமர்த்துவதும், விழா எடுப்பதும் நமக்குப் புதியவை அல்ல. சிறு நாடகக் குழுக்களுக்கு இன்று குறைவாக இருப்பவை இத்திறமைகளே.

முதலாவதாக, ஒரு கூத்துக்குப் பணம் தருவதினும், அக்கூத்தைக் காக்கும் பதிவு பெற்ற மையத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையைத் தவறாமல் அனுப்புதல் நன்று. தொகை சிறிதாயினும் குற்றமில்லை. குறித்த மாதத்தில் வரும் என்ற உறுதி பெரிது. அந்தத் தொகையை இன்னதற்கே செலவிட வேண்டும் என்று விதிக்காமல், தோலுக்கோ, எண்ணெய்க்கோ, மாணாக்கர் உணவுக்கோ அவர்கள் தேவைப்படி செலவிட விடுதல் வேண்டும். ஆண்டு முடிவில் கணக்கு கேட்பது நம் உரிமை. மையம் முறையாகப் பதிவு பெற்றதா, வருமான வரிச் சலுகைக்கான சான்று உடையதா என்று முன்னரே விசாரிப்பதும் முறையே.

இரண்டாவதாக, குழுவை நம் நகருக்கு அழைக்கும்போது, மேடையேறும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் விலை பேசலாகாது. ஐந்தாறு பேர் இரண்டு நாள் பயணம் செய்து வருகின்றனர். திரும்பிச் செல்ல மீண்டும் இரண்டு நாள். அந்நாட்களின் கூலியும் கணக்கில் சேர வேண்டும். அண்டை நகரங்களின் சங்கங்கள் சேர்ந்து அழைத்தால், ஒரே பயணத்தில் நான்கைந்து இடங்களில் கூத்து நடத்தலாம், செலவும் பங்கிடப்படும். வருவோர்க்குக் கதைச் சுருக்கமும், பாடப்பெறும் பாடல்களின் பொருளும் அச்சிட்டுத் தந்தால், இளையோரும் ஈடுபாட்டோடு அமர்வர்.

மூன்றாவதாக, பொருளை மட்டுமன்றி உழைப்பையும் நல்கலாம். விண்ணப்பம் எழுத வல்லவர்கள், தணிக்கை அறிந்தவர்கள், சட்டம் அறிந்தவர்கள் நம்மிடையே ஏராளம். ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் ஆண்டில் பத்து நாள் ஒரு குழுவின் கணக்கைச் சீர்செய்து தருவாரானால், அது அக்குழுவுக்கு ஒரு கொடைக்கு நிகர். புலவர்கள் பாடும் பாடங்களை ஒலிப்பதிவு செய்து, அச்சிட்ட கம்பராமாயணத்தோடு ஒப்புநோக்கும் பணிக்குத் தமிழறிந்தவர் தேவை. ஆனால் ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். வாய்மொழியில் சொற்கள் மாறியிருக்கக் காணின், உடனே பிழை என்று திருத்தப் புகலாகாது. பல தலைமுறைகள் மலையாள நாட்டில் வாழ்ந்த தமிழின் வடிவம் அது. பதிவு செய்வது நம் வேலை. திருத்துவது நம் வேலையன்று.

இவ்விடத்தில் துணை அமைப்புகளுக்கும் அவற்றைத் தாங்குவோர்க்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை கூறுதல் பொருந்தும். உதவி செய்பவர் தம்மை அறியாமலே கலையின் உருவத்தை மாற்றிவிடுவதுண்டு. மண்டபத்தின் வசதிக்காக 21 இரவு ஒரு மணியாகச் சுருங்குகிறது. போர்க் காட்சி நீள்கிறது, உரை மறைகிறது. சுருக்கிய வடிவம் கலைக்குப் புதிய இரசிகர்களைத் தேடித் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் சுருக்கத்தை மட்டுமே நாம் வாங்கினால், முழு நூலையும் மனனம் செய்ய அடுத்த தலைமுறைக்கு ஒரு காரணமும் இராது. ஆகவே நகரத்து மேடைக்கு எவ்வளவு செலவிடுகின்றோமோ, அதில் ஒரு பங்காவது கூத்துமாடத்து முழு இரவுகளுக்கும் செல்ல வேண்டும். கூத்துக்குப் பல்லாண்டுகளாக ஆதரவளித்துவரும் கோயில் குழுக்களையும் ஊர்மக்களையும் கலந்தே இதனைச் செய்ய வேண்டும். அவர்களை விலக்கி நாம் புரவலராக அமர்வது, நாம் சலித்துவிடும் நாளில் கூத்தை அநாதையாக்கும்.

கடைசியாக, செலவு மிகக் குறைந்த உதவி ஒன்று உண்டு. விடுமுறையில் சொந்த ஊருக்குப் புகைவண்டி ஏறுவோர், தை முதல் சித்திரை வரையிலான மாதங்களில் பயணம் செய்வாராயின், ஷொரனூர், ஒற்றப்பாலம் பகுதிகளில் எக்கோயிலில் எந்நாள் கூத்து என்று விசாரித்து, ஓர் இரவு அங்கே தங்கலாம். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். பாடுவோருக்குத் தமிழ் தெரியும். எதிரே அமர்ந்து அத்தமிழைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரிய வேண்டும். ஊர் மக்கள் காணிக்கை செலுத்தும்போது நாமும் நம் குடும்பத்தின் பெயர் சொல்லிச் சிறு தொகை செலுத்தலாம். அப்பெயருக்காக அவர்கள் பகவதியின் அருளை வேண்டிப் பாடுவர். பின்பு விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.